கையெழுத்துப் போடாத அக்காவோடு நான்கு நாள்

ஜனவரி 15, 2025, புதன் – அரியாங்குப்பம், புதுச்சேரி

மாட்டுப் பொங்கலும் அதுவுமாய் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்று அம்மா கோபித்துக்கொண்டாள். அக்காவுக்கு வேறு நாளில் லீவு கிடைக்காது. அவள் கால்நடை மருத்துவர், பதினெட்டு வருஷமாக அரசு மருந்தகத்தில் இருக்கிறாள். நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். என்னை அவள் கூட்டிக்கொண்டு வந்ததே அதற்காகத்தான். அவளும் அவளோடு படித்த இரண்டு பேரும் ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் ஐயாவும் சேர்ந்து அரசுக்கு ஒரு மனு தயாரிக்கிறார்கள். விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் என்ன மாற வேண்டும், சட்டம் மாறும்வரை தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் மனு. இங்கிலீஷில் எழுதி முடித்துவிட்டார்கள். "மாடு வெச்சிருக்கிறவங்களுக்குப் புரியாத மனுவை யாருக்குடி குடுக்கிறது? நீ வந்து தமிழ்ல எழுதிக் குடு" என்றாள் அக்கா.

கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சிதம்பரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பாட்டி ஏறினார். எழுந்து இடம் கொடுத்தேன். கடலூர் வரை அவர் என் பையை மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது மஞ்சள் கொத்தில் ஒன்றை ஒடித்து என் கையில் திணித்துவிட்டுப் போனார். முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்தபோது மணி 3. வழியில் எல்லா மாட்டுக் கொம்பிலும் பச்சை, சிவப்பு, காவி.

அக்காவின் தோழியை நான் 'அரியாங்குப்பத்து அக்கா' என்றுதான் எழுதப்போகிறேன். அவர் தனியாக கிளினிக் வைத்திருக்கிறார். சாயங்காலம் எங்களை ஊருக்குள் அழைத்துப் போனார். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நல்ல கூட்டம். யானை லட்சுமி நின்று தும்பிக்கையால் ஆசீர்வாதம் செய்த இடத்தில் இப்போது ஒரு பலூன்காரர் நிற்கிறார். 2022 நவம்பர் 30-ஆம் தேதி காலை, நடைப்பயிற்சிக்குப் போன லட்சுமி தெருவிலேயே விழுந்து இறந்தது. ஊரே திரண்டு வந்து அழுததை அரியாங்குப்பத்து அக்கா சொன்னார். "அன்னிக்கு அழுதவங்கள்ல பாதிப் பேர் மறுவாரமே 'அடுத்த யானை எப்ப வரும்'னு கேட்டாங்க. யானைங்கிறது மண்ணுல, சேத்துல, கூட்டத்தோட நடக்கிற உயிரு. சிமெண்டுத் தரையில தனியா நிக்க வெச்சா கால்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாக் கெடும். அதைச் சொன்னா பக்தி இல்லாதவன்னு சொல்றாங்க." வாசலில் அவர் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

கடற்கரைச் சாலையில் டீ 15 ரூபாய், சுண்டல் 30. இடது காதில் வி வடிவத்தில் வெட்டு இருந்த ஒரு வெள்ளை நாய் எங்கள் காலடியில் வந்து படுத்தது. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டதற்கு அதுதான் அடையாளமாம். 2023-இல் வந்த விதி அப்படித்தான் விடச் சொல்கிறது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் பரவுவது அறுபடும். பாதியில் விட்டால் செலவுதான் மிச்சம். அக்கா குனிந்து அந்தக் காதைத் தடவிப் பார்த்தாள். "நல்லா ஆறியிருக்கு, யாரோ கவனமாப் பண்ணியிருக்காங்க" என்றாள். தன் தொழிலில் இன்னொருவர் செய்த நல்ல வேலையைப் பார்த்தால் அவள் முகம் மலர்ந்துவிடும்.

இதை இரவு 1 மணிக்கு எழுதுகிறேன். சாப்பிட உட்கார்ந்தபோது பாகூர் பக்கத்து ஊரிலிருந்து போன் வந்தது. "சிவப்பி படுத்துடுச்சு, எழுந்திரிக்க மாட்டேங்குது." இரண்டு டாக்டரும் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். "மாட்டுப் பொங்கல் ராத்திரி இது இல்லாம இருக்காது" என்றார் அரியாங்குப்பத்து அக்கா.

கொட்டகையில் ஒரு ஜெர்சிக் கலப்பு. கழுத்தில் பூமாலை, கொம்பில் சிவப்புப் பெயிண்ட், நெற்றியில் குங்குமம். வயிறு இடது பக்கம் உப்பியிருந்தது. வீட்டு அம்மா கைகூப்பிக்கொண்டு நின்றார். என்ன கொடுத்தீங்க என்று அக்கா கேட்டாள். சர்க்கரைப் பொங்கல் ஒரு வாளி. பிறகு பேரன் பேத்திகள் ஆளுக்கொரு பிடி. பிறகு ஊறவைத்த பச்சரிசி. "வருஷம் பூரா பால் குடுக்குது, ஒரு நாள் வயிறாரப் போடலாம்னு நெனச்சேன் டாக்டரம்மா."

அக்கா இடுப்பெலும்புக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்தி, வாட்சைப் பார்த்தபடி நின்றாள். என் கையையும் பிடித்து அங்கே வைத்தாள். நல்ல மாட்டுக்கு அந்த இடத்தில் நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது வயிறு அலைபோலப் புரண்டு கையை மேலே தள்ள வேண்டுமாம். நான் மூன்று நிமிஷம் வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் ரொம்பின தோல்பைபோல் கிடந்தது. அரிசிச் சோறு மொத்தமாய் உள்ளே போனால் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கிவிடுகின்றன. அசை நின்றுபோகும். அந்த அமிலம் ரத்தத்தில் ஏறினால் மாடு எழுந்திருக்காது. வீட்டுக்காரர் மூங்கில் குழலில் எண்ணெய் ஊற்றிவைத்திருந்தார். அக்கா அதை வாங்கித் தள்ளி வைத்தாள். "தலையைத் தூக்கி வாய்ல ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும்யா." குழாய் விட்டு சோடா உப்புக் கரைசலை நேராக வயிற்றுக்கே செலுத்தினார்கள். கழுத்து நரம்பில் டிரிப் ஏறியது. மின்விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததால் செல்போன் வெளிச்சத்தில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பனி தலையில் இறங்கியது. கிளம்பும்போது அந்த அம்மா ஒரு தூக்குச் சட்டியைக் கொடுத்தார். உள்ளே அதே சர்க்கரைப் பொங்கல்.

ஜனவரி 16, வியாழன் – அரியாங்குப்பம்

காலை 8 மணிக்குப் பாகூரிலிருந்து போன். "எழுந்து நிக்குது. இன்னும் அசை போடல." அடுத்த பாட்டிலுக்கு அரியாங்குப்பத்து அக்கா மட்டும் ஓடினார்.

இன்று கரிநாள். வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு, கிலோ 900 என்று வாங்கினார்களாம். மாமியார் மிளகை அரைத்து இறக்கியிருந்தார், வாசனை தெருமுனை வரை வந்தது. இந்தப் பதிவைப் படிக்கிறவர்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் கறி சாப்பிடுகிறவள். இந்த நான்கு டாக்டர்களில் இரண்டு பேரும் அப்படித்தான். உணவாகப் போகிற உயிராக இருந்தாலும் உயிரோடு இருக்கும் கடைசி மணி நேரம்வரை அதற்கு நிழலும் தண்ணீரும் கால் ஊன்ற இடமும் வேண்டும் என்பதுதான் அவர்கள் பேச்சு. நானும் அதைத்தான் நம்புகிறேன்.

பத்து மணிக்கு, அக்காவோடு படித்த இன்னொரு டாக்டரான பண்ருட்டி அண்ணனும் டாக்டர் ஐயாவும் வந்தார்கள். டிவியில் அலங்காநல்லூர் ஓடிக்கொண்டிருந்தது. வாடிவாசலுக்குப் பின்னால் காளைகளைப் பரிசோதிக்கும் டாக்டர்களைக் காட்டியபோது ஐயா எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். "அந்த வரிசையில நிக்கிற பையன் 'இந்தக் காளைக்கு உடம்பு சரியில்லை, இறக்காதே'ன்னு எழுதுற ஒரு வரிக்கு அவ்வளவு கூட்டத்துல எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா" என்றார்.

மனுவுக்கு உட்கார்ந்தோம். சட்டத்தைப் பற்றி நான் இதுவரை தெரிந்துவைத்திருந்தது எதுவும் போதாது. 1960-ஆம் வருஷத்துச் சட்டம். அதற்கு முதலில் மாநிலங்களவையில் மசோதா கொண்டுபோனவர் ருக்மிணி தேவி அருண்டேல், நம் மதுரையில் பிறந்தவர். விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது, வலிக்கும்படி வண்டியில் கொண்டுபோவது, பட்டினி போடுவது எல்லாம் குற்றம். முதல் தடவை மாட்டினால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று வருஷத்துக்குள் மறுபடி மாட்டினால் 25-லிருந்து 100, அல்லது மூன்று மாதம் வரை ஜெயில். அறுபத்தைந்து வருஷமாக முதல் குற்றத்தின் உச்சம் அதே ஐம்பதுதான். நேற்று நாங்கள் குடித்த மூன்று டீ 45 ரூபாய். பெரும்பாலான குற்றங்களில் போலீஸ் தானாக வழக்கெடுத்துக் கைது செய்யவும் முடியாது. 2022 நவம்பரில் திருத்த மசோதாவின் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஐயா அன்றே எழுதி அனுப்பினாராம். மசோதா இன்னும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு. "சாகடிச்சா அஞ்சு வருஷம், சாகாம சித்திரவதை பண்ணினா அம்பது ரூபா. எங்க கண்ணுக்கு வர்றது தொண்ணூறு பங்கு ரெண்டாவது வகைதாம்மா" என்றார் பண்ருட்டி அண்ணன்.

என் வேலை ஒரே சொல்லில் ஒரு மணி நேரம் நின்றுபோனது. சட்டம் 'தேவையற்ற வலி' என்கிறது. அப்படியென்றால் தேவையான வலி என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணன் மேசையைத் தட்டினார். "இதுல நுழைஞ்சுதான் எல்லாரும் தப்பிக்கிறாங்க. வண்டியில அடுக்கினவன் 'டீசலுக்குக் கட்டுப்படியாகாது, தேவைதான்'ங்கிறான். காயடிக்கிறவன் 'அப்பதான் மாடு அடங்கும், தேவைதான்'ங்கிறான்." காயடிப்பது, கொம்பு எடுப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது நான்கையும், விதித்த முறைப்படி செய்தால் குற்றமில்லை என்று அதே சட்டம் விலக்கிவைத்திருக்கிறது. அந்த முறை என்ன என்று விதி வந்தது 2023-இல்தான். பதிவுபெற்ற டாக்டர் வேண்டும், மரத்துப்போக ஊசி வேண்டும், சூடு கூடாது என்கிறது விதி. நடப்பு வேறு. அண்ணன் தன் அனுபவத்தைச் சொன்னார். ஊசி போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னால், மாட்டுக்காரர் "அந்த டாக்டர் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடுவாரே" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார். அதனால் மனுவில் முதல் கோரிக்கையே டாக்டர்களை நோக்கி எழுதியிருக்கிறார்கள். எல்லா டாக்டரும் ஊசி போட்டுக் காத்திருந்தால்தான் மாட்டுக்காரருக்கு வேறு ஆளிடம் போக இடம் இருக்காது.

'தவிர்க்கக்கூடிய வலி' என்று போடலாமா என்றேன். ஐயா இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். சட்டத்தை மேற்கோள் காட்டும் இடத்தில் 'தேவையற்ற', நாம் கேட்கும் இடத்தில் எல்லாம் 'தவிர்க்கக்கூடிய' என்று முடிவானது.

அடுத்தது லாரி. 1978-இல் வந்த போக்குவரத்து விதிப்படி ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது, முகம் இன்ஜினைப் பார்த்து நிற்க வேண்டும், கூட ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பயணம் தாங்கும் என்று ஒரு கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். இங்கே அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்குத் தெரியும் ஏன் என்று.

நான்கு வருஷத்துக்கு முன் ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு அவள் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினார். லாரி ரோட்டில் நின்றது. பதினான்கு மாடு. தாளில் எல்லாம் நிரப்பியிருந்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மாட்டை இறக்குங்க, பார்க்கணும் என்றாள் அக்கா. டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒரு மாடு கீழே விழுந்து, மற்றதுகளின் காலடியில் கிடந்தது. அவள் எழுத மாட்டேன் என்றாள். பணத்தைத் திண்ணையில் வைத்தார், எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு போன் மேல் போன். பேசிய எல்லோரும் சொன்ன வார்த்தை ஒன்றே. "ஒரு கையெழுத்துதானேம்மா." விடிந்தபோது லாரி இல்லை. வேறு எங்கோ யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. போடாத கையெழுத்துக்காக அவளை யாரும் பாராட்டவும் இல்லை. விழுந்து கிடந்த மாடு அந்த லாரியிலேயே போயிற்று என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அதனால் மனுவில் அக்காவின் பத்தி இது. மாட்டின் காதில் இருக்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண் ஒவ்வொன்றும் சான்றில் இருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் தரையில் நிற்கவைத்து எடுத்த படம், நேரத்தோடு, சேர்க்க வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போடும் டாக்டர்மேல் கால்நடை மருத்துவக் கவுன்சில் நடவடிக்கை எடுக்க வேண்டும். "நம்ம ஆளுங்களையே மாட்டி விடுறியேம்மா" என்று பண்ருட்டி அண்ணன் தயங்கினார். அக்கா, "நம்ம கையெழுத்து இல்லாம அந்த லாரி நகராதுங்கண்ணா" என்றாள். ஐயாதான் முடித்துவைத்தார். பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நலனை ஆராய்ந்த பிராம்பெல் குழு 1965-இல் கேட்டதே ஐந்துதான் என்றார். நிற்க, படுக்க, திரும்ப, உடம்பை நக்கிக்கொள்ள, கால் நீட்ட இடம். "அறுபது வருஷம் ஆச்சு. பதினாலு மாட்டு லாரியில இதுல ஒண்ணாவது உண்டா? எழுதும்மா."

ஜனவரி 17, வெள்ளி – வேப்பூர், வடலூர்

விடிகாலை 2:30-க்குக் காரில் கிளம்பினோம். வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் பனி அப்படி இறங்கியது, அண்ணன் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டித்தான் ஓட்டினார். 4:30-க்குச் சந்தை முழு விழிப்பில் இருந்தது. பொங்கலுக்கு முந்தின வாரமே பெரிய வியாபாரம் முடிந்துவிட்டதால் இன்று மந்தம் என்றார்கள். எனக்கு அதுவே கண்கொள்ளாத கூட்டம். சேற்றில் என் செருப்பு வார் அறுந்தது. டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு சணல் கயிற்றை எடுத்துக் கட்டிக் கொடுத்தார். டீ 12 ரூபாய். செருப்புக்குக் காசு வாங்கவில்லை.

வியாபாரிகள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். நடுத்தர வெள்ளாடு ஒன்பதாயிரம் போனது. சத்தமே இல்லாமல் ஒரு பேரம் முடிவதைப் பார்க்க அழகாக இருந்தது. ஏற்றும் இடத்துக்கு வந்தபோதுதான் மனசு கனத்தது. மினி லாரிக்குப் பலகை கிடையாது. ஆட்டை ஒரு காலும் ஒரு காதும் பிடித்துத் தூக்கி வீசுகிறார்கள். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் நான்கு காலும் சேர்த்துக் கட்டிய ஆடு, தலை தொங்கிச் சைலன்சர் பக்கம் ஆடிக்கொண்டு போனது. சந்தை முனையில் ஒருவர் ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். நம்மைப்போல் கோழிக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் கிடையாதாம். தலைகீழாகத் தொங்கினால் குடலும் ஈரலும் மூச்சுப் பைகள்மேல் வந்து அமுக்கும். "அது சும்மா தொங்குதுன்னு நெனைக்கிறோம். மூச்சுக்குத் திணறிட்டு இருக்கு" என்றாள் அக்கா. சின்ன வயதில் அப்பா சைக்கிளில் அப்படித்தான் கோழி வாங்கி வருவார். நானும் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

வீசின வேகத்தில் ஒரு கருப்பு ஆட்டுக்கு முன்னங்கால் எலும்பு முறிந்தது. சத்தம் எனக்கே கேட்டது. அக்கா நேராகப் போய், "கீழ இறக்குங்கண்ணே, நான் டாக்டர்" என்றாள். சண்டை வருமென்று நினைத்தேன். லாரிக்காரர் ஐம்பது வயதுக்காரர், உடனே இறக்கினார், பையனை ஒரு அதட்டு அதட்டினார். அக்கா சேற்றிலேயே மண்டிபோட்டாள். வலிக்கு ஊசி. பஞ்சைச் சுற்றி, பிளந்த மூங்கில் தப்பையை இரண்டு பக்கமும் வைத்து, முறிந்த இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி கட்டினாள். ஆட்டின் தலை என் மடியில் இருந்தது. முதலில் உடம்பு முழுக்க நடுங்கியது. ஊசி வேலை செய்யத் தொடங்கியதும் காதுகள் மெல்லத் தளர்ந்து, தாடையை என் முழங்கால்மேல் வைத்துக்கொண்டது. அந்தச் சூடு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

லாரிக்காரர் எங்களுக்கு டீ வாங்கி வந்தார். "டாக்டரம்மா, ஆடு செத்தா நட்டம் எனக்குத்தான். எனக்கு மட்டும் அடுக்கணும்னு ஆசையா? சென்னைக்கு ஒரு நடை, டீசல், டோல், வழியில குடுக்கிறது எல்லாம் இருக்கு. இருபதை ஏத்தினா கைக்காசு போகும். எல்லாருக்கும் ஒரே கணக்குன்னு சொல்லி எல்லாரையும் புடிச்சீங்கன்னா நானும் இருபதே ஏத்துறேன்." பண்ருட்டி அண்ணன் அதை அப்படியே குறித்துக்கொண்டார். ஒருவரைப் பிடித்து ஐம்பது ரூபாய் போடுவதைவிட, சந்தையிலேயே ஏற்றும் மேடை, சாய்பலகை, தண்ணீர்த் தொட்டி, ஒரு டாக்டர் என்று நிரந்தரமாக வைக்கச் சொல்லி மனுவில் ஏற்கெனவே ஒரு பத்தி இருக்கிறது. சாய்பலகை என்ன பெரிய செலவு? நான்கு பலகையும் குறுக்குச் சட்டமும். அது இருந்திருந்தால் அந்தக் கால் முறிந்திருக்காது. கிளம்பும்போது அவர் அந்த ஆட்டை ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில், வைக்கோல் போட்டு, படுக்க வைத்தார்.

திரும்பும் வழியில் விருத்தாசலம், நெய்வேலி, வடலூர். தருமசாலையில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். 1867-இல் ஏற்றிய அடுப்பு அணையாமல் எரிகிற இடம். பரிமாறின பெரியவர் என் புடவையில் இருந்த சேற்றையும் ரத்தக்கறையையும் பார்த்தார். "அடிபட்டுதா தாயி?" என்றார். எனக்கில்லை, ஒரு ஆட்டுக்கு என்றேன். இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு, "பொழைச்சுக்குமா?" என்று கேட்டு, பதில் வரும்வரை நின்றார்.

பாகூரிலிருந்து போன் வந்தது அங்கேதான். சிவப்பி அசை போடுகிறதாம்.

ஜனவரி 18, சனி – பெண்ணையாற்றங்கரை, கடலூர்

தை ஐந்து. ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் பெண்ணையாற்றுக்கு வந்து தீர்த்தவாரி ஆடிவிட்டுப் போகும் நாள். காலையில் லேசாகத் தூறியது, கூட்டம் அசையவில்லை. ராட்டினம், வளையல், கரும்பு, சிறுவள்ளிக் கிழங்கு கூறு 50 ரூபாய். இந்தக் கிழங்கை வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. நாங்களும் இரண்டு கூறு வாங்கினோம். வேகவைத்தபோது மாவாய் உதிர்ந்தது.

கரையில் இன்னும் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின் வடு இருக்கிறது. மரங்களில் தலைக்கு மேல் உயரத்தில் வைக்கோலும் பிளாஸ்டிக்கும் சிக்கிக் காய்ந்து தொங்குகின்றன. டிசம்பர் 2 விடியும் முன் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். பண்ருட்டி அண்ணன் வெள்ளப் பணிக்கு இங்கே வந்திருந்தபோது பழகின ஒரு விவசாயி வீட்டுக்கு அழைத்துப் போனார். எழுபது வயதிருக்கும். நான்கு மாடு வைத்திருந்தவர். அன்று தண்ணீர் கொட்டகைக்குள் முழங்கால் அளவு ஏறியபோது அரிவாளோடு ஓடியிருக்கிறார். நனைந்த கயிறு முடிச்சு இறுகி, விரலால் அவிழ்க்க முடியவில்லை. மூன்று மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டார். அதுகள் நீந்தி மேட்டுக்குப் போய்விட்டன. நான்காவதுக்கு வந்தபோது அரிவாள் கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. மகன் வந்து அவரைத்தான் இழுத்துக்கொண்டு போனான்.

"மாட்டுக்கு நீச்சல் தெரியும்மா. கட்டிப்போட்டா எங்க நீந்தும்?"

இரண்டு நாள் கழித்துப் புதரில் கிடந்ததை அண்ணன்தான் வந்து, பார்த்து, சான்று எழுதிக் கொடுத்தார். நிவாரணம் 37,500 ரூபாய் கிடைத்தது. "அதுக்கு ஒரு மாடு வாங்கிடலாம்னு மவன் சொல்றான். என் கொரலு தெரியணுமே அதுக்கு. நான் சந்துல வரும்போதே கத்தும்."

அக்கா கொட்டகைக்குள் போய் ஒரு கயிற்றை எடுத்தாள். கம்பத்தைச் சுற்றி, கயிற்றை மடித்து வளையமாக நுழைத்து, நுனியைத் தொங்கவிட்டாள். மாடு இழுத்தால் இறுகும், மனுஷன் நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். அவரை மூன்று தடவை போடவைத்தாள். பிறகு வாளியில் கயிற்றை நனைத்து மறுபடி போடச் சொன்னாள். நான்காவது தடவை அவருடைய சின்னப் பேத்தியைக் கூப்பிட்டு நுனியை இழுக்கச் சொன்னாள். அவிழ்ந்தது. அவர் எதுவும் பேசாமல் மற்ற இரண்டு கம்பத்துக்கும் போய், பழைய முடிச்சை அவிழ்த்து, அப்படியே மாற்றிக் கட்டினார்.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் கால்நடைகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டச் சொல்லித் தண்டோராவும் குறுஞ்செய்தியும் வேண்டும், மனிதர்களுக்கு முகாம் திறக்கும்போதே மாட்டுக்கும் மேட்டிடம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு பத்தியை அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதினேன். மனு மொத்தம் ஆறு பக்கம் வந்தது. அக்கா அதை அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினாள். ஐம்பது ரூபாய் இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். "மறுபடி படி" என்றார். படித்தாள். தலையை ஆட்டிக்கொண்டார்.

நான்கு டாக்டர்களும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக அக்கா. போடுவதற்கு முன் ஆறு பக்கத்தையும் திரும்ப ஒரு தடவை முழுக்கப் படித்தாள், நாங்கள் காத்திருந்தோம்.

"நானும் போடலாமா?" என்றார் பெரியவர்.

மாடு வளர்ப்பவர்கள் போடவும் கீழே கட்டம் அடித்திருந்தேன். பெயர், ஊர், தொழில். பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பெயரை எழுதினார். ஊரை எழுதினார். தொழில் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'மாடு 3' என்று எழுதினார்.